எஃப் வரும் இடத்தில் ஏன் இடறுகிறது? பியானோ டெக்னிக் புத்தகங்கள் ஒரு மதிப்பீடு

பியானோ கற்கத் தொடங்கியவர் முதலில் வாங்கும் டெக்னிக் புத்தகம் பெரும்பாலும் ஹானனாகத்தான் இருக்கும். ஆசிரியர் அதைத்தான் எழுதிக் கொடுப்பார், கடையிலும் அதுதான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். ஆறு மாதம் போனபின் முதல் இருபது பயிற்சிகளும் விரலுக்கு மனப்பாடம். ஆனால் சி மேஜர் ஸ்கேலை (சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி என்ற ஸ்வர வரிசையை) கொஞ்சம் வேகமாக வாசிக்கச் சொன்னால், எஃப் வரும் இடத்தில் அதே பழைய இடறல். சரி, வேறு புத்தகம் பார்ப்போம் என்று செர்னி வருகிறது, பிறகு இன்னொன்று. அலமாரியில் நான்கைந்து சேர்ந்த பின்னும் இடறல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆகவே அந்த இடறலையே உரைகல்லாக வைத்துப் புத்தகங்களைப் பார்க்கலாம். முதலில் அது என்னவென்று கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும்.

வலது கை, சி மேஜர், மேல்நோக்கி. கட்டைவிரல் சி, ஆள்காட்டி விரல் டி, நடுவிரல் ஈ, மறுபடி கட்டைவிரல் எஃப். தடுமாறும் கையில் நடப்பது இது: நடுவிரல் ஈ-யை வாசித்து முடிக்கும்வரை கட்டைவிரல் சும்மா இருக்கிறது. அப்புறம் திடீரென்று உள்ளங்கைக்கு அடியில் பாய்கிறது. நேரம் போதாததால் முழங்கை வெளிப்பக்கம் எகிறுகிறது. மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகக் கோணுகிறது. கையின் பாரம் முழுக்கக் கட்டைவிரல் மேல் விழுகிறது. எஃப் மட்டும் குத்தி ஒலிக்கிறது, அதற்கு முன்னால் மயிரிழை அளவு ஓட்டை. இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) ஏறினால் எஃப், சி, எஃப் என்று கட்டைவிரல் திரும்ப வரும் ஒவ்வொரு இடத்திலும் இதே குத்து கேட்கும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 108-இல் (நிமிடத்துக்கு 108 தட்டு) வைத்து ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் ஏழில் ஒரு பங்கு. கடைசி நேரத்தில் பாய்ந்து சரிசெய்ய அது போதாது.

இந்த இடத்துக்கு வந்ததும் புத்தகம் என்ன சொல்கிறது? எந்த மூட்டு, எந்தத் திசையில், எப்போது அசைய வேண்டும் என்று சொல்கிறதா? தவறாகச் செய்தால் காதுக்கும் கைக்கும் எப்படித் தெரியும் என்று சொல்கிறதா? எப்போது நிறுத்தச் சொல்கிறது? ஸ்வரங்களை மட்டும் அச்சடித்துவிட்டு 'தினமும் செய்க' என்று விடும் புத்தகம், என்ன பெயர் பெற்றதானாலும், இந்த இடறலுக்கு மருந்து ஆகாது.

ஹானனில் இருந்து தொடங்குவதே முறை. சார்ல் லூயி ஹானன் பிரான்ஸில் 1873-இல் வெளியிட்ட இந்த 60 பயிற்சிகள் மூன்று பாகம்: 1 முதல் 20, 21 முதல் 43, 44 முதல் 60. பெரும்பாலானோர் முதல் பாகத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதில் கட்டைவிரல் உள்ளே போகும் வேலையே கிடையாது. கை ஐந்து விரலையும் விரித்தபடி ஒரு படி ஒரு படியாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். நம் உரைகல்லுக்கு வேண்டியது 32 முதல் 37 வரை. கட்டைவிரலை 1, சுண்டுவிரலை 5 என்று எண்ணுவது பியானோ வழக்கம்; கட்டைவிரல் இரண்டாம் விரலுக்கு அடியில், மூன்றாம் விரலுக்கு அடியில், நான்காம் விரலுக்கு அடியில், ஐந்தாம் விரலுக்கு அடியில் என்று தனித்தனியாகப் பிரித்துத் தந்திருக்கிறார். 37-ஐ இரண்டு கட்டைவிரலால் மட்டுமே வாசிக்க வேண்டும். சிக்கலை இப்படித் துண்டு துண்டாக எடுத்தது நல்ல காரியம். 39-இல் எல்லா மேஜர், மைனர் ஸ்கேல்களும் விரல் எண்களோடு உள்ளன. இந்தப் பக்கங்களுக்காகவே புத்தகம் கையில் இருக்கலாம்.

ஆனால் கட்டைவிரல் எப்போது புறப்பட வேண்டும், முழங்கை என்ன செய்ய வேண்டும் என்று ஹானன் சொல்வதில்லை. சொல்லும் ஒன்றிரண்டு அறிவுரைகளில் ஒன்று ஆபத்தானது: விரலை உயரத் தூக்கி வாசி என்பது. பியானோ கீ கீழே இறங்கும் ஆழம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். அதை மெதுவாக இறக்கத் தேவைப்படும் எடை சுமார் 50 கிராம், ஒரு கோழிமுட்டையின் எடை. இதற்கு விரலை மூன்று சென்டிமீட்டர் தூக்குவது, கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கக் கடப்பாரையை ஓங்குவது மாதிரி. தூக்குவதற்கு ஒரு தசை, அடிப்பதற்கு அதன் எதிர்த் தசை. வேகம் கூடும்போது இரண்டும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்ளும். முன்கை கல்லாகும். 'விரலுக்கு வலு வரும்' என்பதும் பாதி உண்மைதான். விரலை மடக்கும், நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. உள்ளங்கையில் சிறு தசைகள் உண்டு. விரலுக்குள் வெறும் தசைநாண்கள்தான். 50 கிராமுக்கு வலு பெரிய கேள்வியே இல்லை. கேள்வி நேரமும் திசையும்.

இன்னொரு குறை, முதல் பாகம் முழுக்க வெள்ளைக் கீயில் நடப்பது. கருப்புக் கீ உயரமாகவும் உள்ளே தள்ளியும் இருப்பதால் கை முன்னும் பின்னும் நகர வேண்டும். அந்தப் பழக்கமே இதில் வராது. இதற்கு நேர் எதிர்த் திசையில் யோசித்தவர் இசையமைப்பாளர் ஷோபான். அவர் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட பியானோ பாடக் குறிப்புகளில், கையை முதலில் வைக்கச் சொல்வது ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி ஆகிய ஐந்தின் மேல். நீளமான மூன்று விரலும் கருப்பு மேல், குட்டையான இரண்டும் வெள்ளை மேல். கை தன் இயல்பான வளைவில் உட்கார்ந்துவிடும். மாணவர்களுக்கு முதலில் தந்த ஸ்கேல் பி மேஜர். சி மேஜரைக் கடைசிக்கு வைத்தார், காரணம் அது படிக்க எளிது, வாசிக்கக் கடினம். ஐந்து விரலையும் சமமாக்க முயல வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் தனித் தன்மை உண்டு என்பதும் அவர் கருத்து. ஹானனின் முன்னுரை வாக்குறுதியே எல்லா விரலையும் சமமாக்குவதுதான். இந்த இடத்தில் ஷோபான் பக்கம்தான் கை சாட்சி சொல்கிறது. நம்பாதவர் இன்றைக்கே பி மேஜரை வாசித்துப் பார்க்கலாம்: கட்டைவிரல் போக வேண்டிய இரண்டு வெள்ளைக் கீக்கும் முன்னால் மற்ற விரல்கள் கருப்பில் உயர்ந்து நிற்பதால், அடியில் தாராளமாக இடம் இருக்கும்.

ஹானனைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். சரளி வரிசையோடு ஒப்பிட்டால் இது புரியும். ச ரி க ம ப த நி ச என்ற எட்டு எழுத்தைப் பார்த்து யாரும் பாடக் கற்றதில்லை. எதிரே உட்கார்ந்த வாத்தியார் 'காந்தாரம் தட்டையா இருக்கு, மூச்சை எங்கே விட்டே?' என்று கேட்பதால்தான் அது பாடம் ஆகிறது. ஹானனும் அப்படித்தான். பக்கத்தில் ஆள் இருந்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கிறார் என்றால் அது நல்ல கருவி. தனியாக உட்கார்ந்து மெட்ரோனோமை 60-இல் இருந்து 108 வரை ஏற்றுவது மட்டும்தான் சாதகம் என்றால், தவறான அசைவு 60-இலேயே பழகி 108-இல் இறுகிவிடும். பயன்படுத்துகிறவர்கள் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஒரு பயிற்சி, அதையும் மூன்று விதமாக மட்டும் வாசிக்கலாம்: மிக மெதுவாக, மிக மென்மையாக, பிறகு நெடில் குறில் மாற்றி. அதே பயிற்சியை எஃப் ஷார்ப் மேஜருக்கு நகர்த்தினால் பயன் இரட்டிப்பாகும்.

செர்னியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பீத்தோவனிடம் படித்தவர், லிஸ்ட்டுக்குக் கற்றுக் கொடுத்தவர். தொடக்கநிலைக்கு ஓபஸ் (படைப்பு எண்) 599, நடுநிலைக்கு 849, வேகத்துக்கு 299-இன் 40 பயிற்சிகள், முதிர்ந்தவர்களுக்கு 740-இன் 50. ஹானனைவிட இதில் இசை அதிகம், இரண்டு கைக்கும் வெவ்வேறு வேலை, ஹார்மனி நகர்கிறது. 299-இன் முதல் பயிற்சியே சி மேஜர் ஸ்கேல் ஓட்டம்தான், நம் இடறலுக்கு நேரான பரீட்சை. ஆனால் பரீட்சை வேறு, பாடம் வேறு; விளக்கம் இந்தத் தொகுதிகளில் கிடையாது. அதை அவர் ஓபஸ் 500 என்ற பெரிய பாடநூலில் தனியாக எழுதினார், கடையில் விற்பது அதுவல்ல. மெட்ரோனோம் குறிகளையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் காலத்து வியன்னா பியானோவின் கீ இலேசு, ஆழமும் குறைவு. இன்றைய கருவியில் அந்த வேகத்தைத் துரத்தினால் கைதான் சேதம். வாசிக்கும் இசைத்துண்டில் என்ன சிக்கலோ அதே சிக்கல் உள்ள ஒரு பயிற்சியை மட்டும் எடுத்து, முடிந்ததும் மூடிவைப்பதே செர்னிக்கு நியாயம். முதல் எண்ணில் தொடங்கி நாற்பதில் முடிக்க இது பாடத்திட்டம் அல்ல.

ஆல்ஃப்ரெட் கோர்த்தோ 1928-இல் எழுதிய டெக்னிக் நூல் வேறு தரம். பியானோ வேலை முழுவதையும் ஐந்தாகப் பிரிக்கிறார்: விரல்களின் சமநிலையும் தனித்தன்மையும், கட்டைவிரல் கடத்தல், இரட்டை ஸ்வரங்கள், விரிப்பு, மணிக்கட்டும் கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளும்). கட்டைவிரலுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. சிக்கலான பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்காதே, அதற்குள் இருக்கும் சிக்கலைத் தனியே எடுத்து வாசி என்பது இவர் வழி, அவர் பதிப்பித்த ஷோபான் எட்யூட்களிலும் (பயிற்சித் துண்டுகளிலும்) இதே முறைதான். அந்தப் பதிப்பு டெக்னிக் நூலைவிடவும் பயனுள்ளது, ஏனென்றால் சிக்கல் அங்கே இசையோடு சேர்ந்து வருகிறது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. கோர்த்தோவிலும், தோஹ்நான்யியின் 1929 விரல் பயிற்சிகளிலும், பிஷ்னாவின் பயிற்சிப் புத்தகத்திலும் சில கீகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்ற விரலை மட்டும் அசைக்கும் பயிற்சிகள் வரும். அவற்றைத் தொடுவதற்கு முன் மேசையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். விரல் நுனிகளை மேசையில் ஊன்றுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி அதன் முட்டியை மேசையில் வையுங்கள். இப்போது கட்டைவிரலைத் தூக்குங்கள், வரும். ஆள்காட்டி விரல் வரும். சுண்டுவிரலும் வரும். மோதிர விரல் அசையாது. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றையும் தூக்கும் தசைநாண்களைப் புறங்கையில் குறுக்கு இழைகள் பிணைத்திருக்கின்றன. இதைச் சாதகத்தால் அறுக்க முடியாது. நான்காம் விரல் 'சோம்பேறி' அல்ல, கட்டுண்டது. பிடித்துவைக்கும் பயிற்சியில் அதை உயரத் தூக்க முயன்றால் புறங்கையில் இழுப்பு வரும். இவற்றைச் செய்வதானால் பிடித்திருக்கும் விரல்களில் அழுத்தமே கூடாது, கீ மேலே வராத அளவுக்கு வெறும் கனம் போதும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தோஹ்நான்யியே தன் முன்னுரையில் பள்ளிகளில் பயிற்சிப் பாடம் அளவுக்கு மேல் போகிறது, பார்த்தவுடன் வாசிக்கும் பழக்கம் குறைகிறது என்றுதான் வருந்துகிறார். அவர் புத்தகத்தை வாங்கி முன்னுரையைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம்.

பிராம்ஸின் 51 பயிற்சிகள் 1893-இல் வந்தவை. ஏற்கெனவே கை பண்பட்டவர்களுக்கு மட்டும். மூன்றுக்கு எதிராக நான்கு போன்ற குறுக்குத் தாளங்களுக்கு இதைப்போல ஒன்று இல்லை. மற்றவர்கள் காத்திருக்கலாம்.

இனி, கையைப் பற்றிப் பேசும் புத்தகங்கள். பியானோ பரவலாவதற்கு முன்பே இந்த வகை தொடங்கிவிட்டது. 1753-இல் இசையமைப்பாளர் பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் எழுதிய விசைப்பலகை நூல் கட்டைவிரலை முதன்மை விரலாக உயர்த்தியது. தன் தந்தை இளம் வயதில் கண்ட பெரிய கலைஞர்கள் பெரிய விரிப்புக்கு மட்டுமே கட்டைவிரலைப் பயன்படுத்தினார்கள் என்ற செய்தியையும் அதில் சொல்கிறார். இன்று நம்மை வாட்டும் எஃப் சிக்கல் பிறந்த இடம் அதுதான் என்று தெரிந்துகொள்ள ஒருமுறை படிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் டோபயாஸ் மத்தே 1903-இல் எழுதிய நூல் முன்கைச் சுழற்சியை மையத்துக்குக் கொண்டுவந்தது. சாவியைத் திருப்புவது போன்ற அசைவு. கருத்து அருமை, நடை கொடுமை. ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வாக்கியம் இருக்கும். அமெரிக்காவில் ஓட்டோ ஓர்ட்மன் 1929-இல் வெளியிட்டது ஆய்வுநூல். கருவிகளை வைத்து அசைவை அளந்தார். மெதுவாக வாசிக்கும்போது கை செய்வதும் வேகமாக வாசிக்கும்போது செய்வதும் ஒன்றல்ல என்று அளவோடு காட்டியது அவர் செய்த பெரிய உபகாரம். மெதுவாகச் செய்து வேகத்தை ஏற்றினால் தானே வந்துவிடும் என்ற நம்பிக்கையின் வேரை அது வெட்டுகிறது. ஆனால் நாளைக்குக் காலையில் பியானோ முன் உட்கார்ந்து என்ன செய்வது என்பதற்கு ஓர்ட்மனில் பதில் தேடக் கூடாது. ஆசிரியர்கள் படிக்க வேண்டிய நூல்.

ஜோசஃப் லெவினின் 1924 புத்தகம் சிறியது, ஒரே மாலையில் படித்துவிடலாம். விரலின் நகத்தடி நுனியால் குத்தாமல், கொஞ்சம் பின்னால் உள்ள சதைப்பற்றால் கீயைத் தொட வேண்டும், மணிக்கட்டு வண்டியின் ஸ்ப்ரிங் போல அதிர்வை வாங்க வேண்டும் என்கிறார். நாதம் வறண்டு கேட்கிறது என்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். பியானோ கலைஞர் கீசெகிங்கும் அவர் ஆசிரியர் லைமரும் சேர்ந்து எழுதியது, கருவியைத் தொடுவதற்கு முன்பே துண்டை மனத்தில் முழுக்கக் கேட்டு, கண்ணை மூடி ஸ்வரம் ஸ்வரமாகச் சொல்லும் அளவுக்குப் பதியவைக்கும் முறையை முன்வைக்கிறது. மனப்பாடத்துக்கு இதைவிட நல்ல புத்தகம் கிடைப்பது அரிது. கை அசைவுக்கு இதில் அதிகம் இல்லை. நொய்ஹவுஸ் 1958-இல் மாஸ்கோவில் வெளியிட்ட நூலும் அப்படியே. ரிஹ்டர், கிலெல்ஸ் என்ற பெரும் பியானோ கலைஞர்களை உருவாக்கியவர் பேசுவதைக் கேட்கும் பாக்கியம் அது. எந்த நாதம் வேண்டும் என்ற தெளிவில்லாமல் டெக்னிக் கிடையாது என்று அவர் அடித்துச் சொல்வது மனத்தில் நிற்கும். இடறலோடு போராடும் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு அது இப்போதைக்கு உதவாது.

உரைகல்லில் நன்றாக இழை விழும் புத்தகம் ஜியோர்ஜி ஷாண்டோர் 1981-இல் எழுதியது. பார்டோக்கிடம் பயின்றவர், பார்டோக்கின் மூன்றாம் பியானோ கான்சர்ட்டோவை 1946-இல் முதன்முதலில் மேடையில் வாசித்தவர். பியானோ வாசிப்பு முழுவதையும் ஐந்து அடிப்படை அசைவுகளாகச் சுருக்குகிறார்: கையைத் தானாக விழவிடுவது, ஐந்து விரல் மற்றும் ஸ்கேல் அசைவு, சுழற்சி, ஸ்டாக்கட்டோ (ஸ்வரங்களை வெட்டி வெட்டி வாசிப்பது), உந்தல். ஒவ்வொன்றுக்கும் புகைப்படம் உண்டு, இசை வரிகளின் மேல் எந்த அசைவு எங்கே என்று குறி போட்டுக் காட்டுகிறார்.

கட்டைவிரல் பற்றி அவர் சொல்வதன் சாரம், விரலைக் கையின் அடியில் இழுக்காதே, கையே விரலை அது போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகட்டும் என்பது. வாசிக்கும் விரலுக்கு நேராக முன்கை வந்து நிற்க வேண்டும். கட்டைவிரல் வாசிக்கும்போது மணிக்கட்டு தாழ்கிறது, சுண்டுவிரலை நோக்கிப் போகப் போக மெல்ல உயர்கிறது. ஸ்கேல் ஏறும்போது மணிக்கட்டு சிறு சிறு அலையாகப் போகும். இதைச் செய்து பார்த்தால் எஃப்பில் குத்து குறைவது அன்றைக்கே காதில் விழும், ஏனென்றால் கட்டைவிரல் பக்கவாட்டில் பாயாமல் மேலிருந்து இறங்குகிறது. எந்த மூட்டு, எந்தத் திசை, எப்போது என்ற கேள்விக்கு நேரான பதில். குறையும் உண்டு. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பெரிய கச்சேரித் துண்டுகளில் இருந்து; மூன்றாம் கிரேடு மாணவருக்கு அந்த வரிகள் எட்டாது. மணிக்கட்டு அலையைப் படத்தில் பார்த்துவிட்டு மிகைப்படுத்துகிறவர்களும் உண்டு. வேகம் கூடக் கூட அலை சிறுத்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போக வேண்டும். தெரிந்தால் அது அதிகம்.

சுவான் சாங் என்ற இயற்பியலாளர் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்த நூலையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஹானனைக் கடுமையாக எதிர்ப்பவர். ஒரு கையாக முதலில் வேகத்துக்குக் கொண்டுபோ, பிறகு சேர் என்பது அவர் முதல் விதி. வேகமான ஸ்கேலில் கட்டைவிரலை அடியில் செருகவே கூடாது, கை முழுதாக இடம் மாற வேண்டும் என்று வாதிடுகிறார். அவர் இதற்கு வைத்த பெயர் கட்டைவிரல் விரல்களுக்கு மேலே ஏறிப் போவது போன்ற எண்ணத்தைத் தந்து பலரைக் குழப்பியிருக்கிறது. அப்படி எதுவும் ஏறுவதில்லை. செய்முறை இப்படி: சி, டி, ஈ மூன்றையும் 1, 2, 3 விரலால் ஒரே கொத்தாக அழுத்துங்கள். கையைத் தூக்கி வலப்பக்கம் நகர்த்தி எஃப், ஜி, ஏ, பி நான்கையும் 1, 2, 3, 4 விரலால் ஒரே கொத்தாக அழுத்துங்கள். அடுத்த சி, டி, ஈ. இந்தத் தாவல் பதறாமல் நடக்கும்வரை கொத்தாகவே செய்து, பிறகு ஒவ்வொரு கொத்தையும் வேகமாக உதிர்த்து வாசியுங்கள். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே துளி இடைவெளி இருக்கும். வேகத்தில் அது காதுக்குத் தெரியாது. மெதுவான பாட்டு வரியில் தெரியும், அங்கே பழைய முறையில் கட்டைவிரலை முன்கூட்டியே, ஆள்காட்டி விரல் டி-யைத் தொடும்போதே, உள்ளே நகர்த்தி எஃப் மேல் காத்திருக்க வைக்க வேண்டும். இரண்டு வேகத்துக்கு இரண்டு அசைவு. ஓர்ட்மன் அளந்ததும் இதைத்தானே.

சாங்கின் நூல் சீராகத் தொகுக்கப்பட்டது அல்ல. ஒரே விஷயம் நான்கு இடத்தில் வரும். உறுதியாகச் சொல்லும் பலவற்றுக்கு அவர் அனுபவத்தைத் தவிர ஆதாரம் இல்லை. பயிற்சி முறை பற்றிய முதல் பகுதியைப் படித்தால் போதும்.

வலி இருப்பவர்கள் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு தாமஸ் மார்க் 2003-இல் எழுதிய, பியானோ வாசிப்பவரின் உடல் பற்றிய நூலைப் படியுங்கள். முன்கையில் இரண்டு எலும்பு, கையைத் திருப்பும்போது கட்டைவிரல் பக்க எலும்புதான் மற்றதைச் சுற்றி வருகிறது, சுழற்சியின் அச்சு சுண்டுவிரல் பக்கம் இருக்கிறது என்பதைப் படம் போட்டுக் காட்டுகிறார். கட்டைவிரலை அச்சாக நினைத்துக்கொண்டு கையைச் சுண்டுவிரல் பக்கம் முறுக்கி வைத்திருப்பதால் வரும் கேடுகளை விளக்குகிறார். ஸ்கேல் இடறலில் மணிக்கட்டு கோணுவது என்று தொடக்கத்தில் பார்த்தோமே, அதே கோணல். இதில் பயிற்சி ஸ்வரம் கிடையாது, அதுதான் அதன் பலம். மரத்துப் போவது, இரவில் குத்துவது, பிடி தளர்வது போன்றவை இருந்தால் வாசிப்பை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். எந்தப் புத்தகமும் அதற்கு மாற்று ஆகாது.

நம் ஊரில் இந்தப் புத்தகங்களை வாங்குகிறவர்களில் பலர் டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் கிரேடு தேர்வுக்குத் தயாராகிறவர்கள், வீட்டில் இருப்பது 61 கீ கீபோர்டு. அவர்களுக்கு இரண்டு விஷயம். கனமில்லாத ஸ்ப்ரிங் கீயில் ஷாண்டோர், லெவின் சொல்லும் 'கையின் எடை' வேலை செய்யாது. எடை போட்டதும் கீ பொத்தென்று அடியில் முட்டும், எதிர்த்து நிற்க எதுவும் இல்லை. அந்த அத்தியாயங்களை நல்ல பியானோ கிடைக்கும் நாளுக்கு ஒத்திவைத்து, கொத்துப் பயிற்சியையும் விரலெண்ணையும் மட்டும் வீட்டில் செய்யலாம். இரண்டாவது, 61 கீ என்பது சி முதல் சி வரை சரியாக ஐந்து ஆக்டேவ். இரண்டு கையையும் ஒரு ஆக்டேவ் இடைவெளியில் வைத்து நான்கு ஆக்டேவ் ஸ்கேல் வாசிக்க முழுதாக ஐந்து ஆக்டேவ் வேண்டும். ஆகவே சி-யில் தொடங்கும் ஸ்கேல் மட்டும்தான் அடங்கும், ஷோபான் சொன்ன பி மேஜர் அடங்காது. மேல் கிரேடுக்குப் போகிறவர்கள் இன்னொரு புத்தகத்துக்குச் செலவழிக்கும் முன் 88 கனமான கீ உள்ள டிஜிட்டல் பியானோவுக்குச் சேமிக்கத் தொடங்கலாம். நாற்காலி உயரத்துக்குச் செலவே இல்லை: முழங்கை கீயின் மேல்மட்டத்துக்கு வந்தால் போதும். சாப்பாட்டு நாற்காலியில் தாழ்வாக உட்கார்ந்து வாசிக்கும் குழந்தைக்கு எந்தப் புத்தகமும் உதவப் போவதில்லை, கீழே ஒரு மடித்த போர்வை உதவும்.

வாங்கும் வரிசை கேட்டால்: தொடக்கநிலையில் டெக்னிக் புத்தகமே வேண்டாம், ஸ்கேல் விரலெண் தாள் போதும். இரண்டு மூன்று வருடம் ஆனவர் முதலில் லெவின், பிறகு ஷாண்டோர். சாங் இலவசம், உடனே எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கு ஷாண்டோரோடு தாமஸ் மார்க் கட்டாயம். கோர்த்தோவின் எட்யூட் பதிப்புகள் ஷோபானை எடுக்கும் நாளில்.

ஹானன், செர்னி, பிராம்ஸ் மூன்றும் காப்புரிமை முடிந்தவை. ஐஎம்எஸ்எல்பி என்ற இசைத்தாள் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஹானனில் 32 முதல் 41 வரையுள்ள பயிற்சிகளின் பக்கங்களை மட்டும் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டால் ஸ்டாண்டில் மூடிக்கொள்ளாமல் நிற்கும். மஞ்சள் அட்டை ஷிர்மர் பதிப்பு புதிதாக இருக்கும்போது முதுகு விறைத்து, 39-ஆம் பயிற்சியில் சரியாக கை இறங்கும் நேரத்தில் பக்கம் திரும்பிவிடும்.